மூன்றாம் கட்டுக்கு வராத சிக்னல்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ரயில் வரவில்லை. வரும் என்ற அறிகுறியும் இல்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு பஸ், ஒரு வைக்கோல் லாரி, கடைசியாக ஒரு பழைய ஸ்கூட்டர். ஸ்கூட்டரை ஓட்டி வந்தவன் சுஹைப். பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் எழில்மொழி.

எழில்மொழி முப்பது வருடம் அரசாங்க சர்வேயராக இருந்தவர். ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை நகர்த்திவிட்டுக் காலையில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டார். அதனால் மனிதர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். எழுதிக்கொள்வது மட்டும் தரையைப் பார்த்துத்தான். ஓய்வு பெற்றதும் உரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து, 'தனியார் விசாரணை' என்று போர்டு எழுதினார். சுஹைப் அதுவரை பதினெட்டு வருடம் கேபிள் டி.வி.க்கு ஒயர் இழுத்தவன். போர்டை மாட்ட வந்தவன், ஏணியை விட்டு இறங்கும்போதே அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

"மேடம், கேஸை இன்னொரு தடவை சொல்லுங்க. நேத்து நீங்க சொன்னப்போ எனக்குத்தான் காதுல கோளாறுன்னு நினைச்சேன்."

"சிங்காரவேலு. வயசு அறுபத்தெட்டு. அவர் வீட்டு வைஃபையை அவரே கெடுக்கிறார்னு மகன் சொல்றான். கெடுக்கலைன்னு நாம நிரூபிக்கணும்."

"கொலை ஏதாவது?"

"இல்ல."

"சின்னதா ஒரு திருட்டு?"

"இல்ல."

"வைஃபை வரலை. அதுக்கு நாம போறோம்."

"அப்பாவும் மகனும் பேசிப் பத்து நாளாச்சு, சுஹைப்," என்றார் எழில்மொழி, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "மகன் அரவிந்தன் அபுதாபியில இருக்கான். மருமகள் வானதி இங்கே. கணக்கு டீச்சருக்குப் படிச்சவ. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துல வேலை இருக்கு, கிடைச்சா புருஷனோடயே போய் இருக்கலாம். வீடியோவில இன்டர்வியூ. மூணு தடவை வச்சாங்க. மூணும் பாதியில அறுந்துபோச்சு. இன்னிக்குப் பதினொரு மணிக்கு நாலாவது. இதோட அவங்க விட்டுடுவாங்களாம்."

சுஹைப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது ஐம்பது.

"மாமனாருக்கு மருமகள் போறதுல இஷ்டமில்லையோ?"

"இல்லைன்னு ஒரு கல்யாணப் பந்தியில வாய் விட்டுச் சொல்லியிருக்கார். மகன் அதை மறக்கலை."

கேட் திறந்தது. ரயில் வந்த மாதிரியே சுஹைப்புக்கு ஞாபகம் இல்லை.

வெண்ணாற்றங்கரையில் சிங்காரவேலுவின் வீடு, ரயில் பெட்டி மூன்றைக் கோத்து நிறுத்தியது போல நீளமாகக் கிடந்தது. முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வானம் தெரியும் முற்றம். சுவர் ஒவ்வொன்றும் இரண்டடி கனம். கட்டியவருக்குப் பதினொரு பிள்ளைகளாம். இப்போது குடியிருப்பவர்கள் மூன்று பேர்.

சிங்காரவேலு வாசலிலேயே நின்றார். வேட்டிக்கு மேல் அகலமாக ஒரு பெல்ட் கட்டியிருந்தார்.

"வாங்கம்மா. குடலிறக்கம் ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாசம் ஆச்சு. டாக்டர் எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டார். காப்பி தம்ளர்தான் தூக்கறேன், அதுவும் ரெண்டு கையால."

"வைஃபை பெட்டி எத்தனை இருக்கு?"

"ஆறு. மூஸான்னு டவுன் ஆளு, முதல்ல ரெண்டு வச்சுக் குடுத்தான். பின்கட்டுக்கு எட்டலை; வானதி ரூம் அங்கேதான், முன்கட்டு சத்தம்னு இன்டர்வியூவும் அங்கேதான், செல்போன் டவரும் அங்கே எடுக்காது. இன்னும் ரெண்டு வாங்கினேன். இன்டர்வியூ அறுந்துது. இன்னும் ஒண்ணு வாங்கினேன். மறுபடி அறுந்துது. இன்னும் ஒண்ணு வாங்கினேன்."

"ஆளுக்கு ரெண்டு வருது," என்றான் சுஹைப். "ரேஷன்ல கூட இப்படிக் கணக்காக் குடுக்கறதில்ல."

சிங்காரவேலு சிரிக்கவில்லை. "நான் சுவிட்சை அணைக்கிறேன்னு சொல்றாம்மா என் மகன். அணைக்கிறவன் எதுக்கு ஆறு பொட்டி வாங்கணும்?"

"உங்க மேல சந்தேகம் வராம இருக்க," என்றான் சுஹைப்.

எழில்மொழி அவனை ஒரு தடவை பார்த்தார். சுஹைப் செல்போனை எடுத்துக்கொண்டு அளவு வேலையைத் தொடங்கினான்.

அவன் போனில் சிக்னல் அளக்கும் ஆப் இருந்தது. பத்தடிக்கு ஒரு தடவை நின்று எண்ணைச் சொல்வான். எழில்மொழி அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் எழுதுவார். வயலை அளப்பது போலவே மூலையில் தொடங்கி, கோடு பிசகாமல் போனார்கள். முன்கட்டுக் கூடத்தில் மைனஸ் நாற்பது. சாமி அறை வாசலில் நாற்பத்தெட்டு. நடுக்கட்டு முற்றத்தில் நாற்பத்தைந்து.

சமையலறையிலிருந்து சாவித்திரி வெளியே வந்து தரையைப் பார்த்தார். சிங்காரவேலுவின் மனைவி. முழங்காலில் வலிக்கு உறை மாட்டியிருந்தார்.

"வீடு பூரா எண் எழுதினா யாரு துடைக்கிறது?"

"நான் துடைச்சுத் தர்றேம்மா," என்றான் சுஹைப். "எண் சின்னதா இருந்தா நல்லது. நெல்லுல ஈரப்பதம் பாக்கற மாதிரி. ஏற ஏற மோசம். எண்பதைத் தாண்டினா கொள்முதல் கிடையாது."

சாவித்திரிக்கு அது உடனே புரிந்தது. "எங்க வீட்டுல எவ்வளவு?"

"இதுவரைக்கும் முதல் தரம்."

சாவித்திரி முந்தானையைத் திருகினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடி, மறுபடி எடுத்தார். சுஹைப்புக்கு உடம்பெல்லாம் விழிப்பு வந்தது. மருமகள் போய்விட்டால் இத்தனை பெரிய வீட்டில் இந்த அம்மாள் யாரோடு பேசுவார்? அவன் எழில்மொழியின் காதருகே போய், "ஆள் மாட்டிக்கிச்சு மேடம். முகத்தைப் பாருங்க," என்றான்.

"நான் ஒண்ணு பண்ணிட்டேன்," என்றார் சாவித்திரி. "இவர்கிட்டகூடச் சொல்லலை."

"சொல்லுங்க."

"நடுக்கட்டுல எங்கம்மா குடுத்த இரும்பு பீரோ இருந்துது. இரும்பு இருந்தா வைஃபை தாண்டாதுன்னு டி.வி.யில சொன்னான். ஆள் கூப்பிட்டு அதை மாட்டுக் கொட்டகையில வச்சுட்டேன். ஆளுயரக் கண்ணாடியையும் கழட்டிட்டேன். வானதிக்குச் சிக்னல் கிடைக்கட்டும்னு. பட்டுப் புடவை எல்லாம் இப்போ மாட்டோட இருக்கு."

சுஹைப் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் பெட்டி பெட்டியாக வாங்குகிறார். மாமியார் பீரோவை மாட்டிடம் அனுப்புகிறார். இந்த வீட்டில் சிக்னல் வராமலிருக்க நியாயமே இல்லை.

எழில்மொழி சிங்காரவேலுவின் போனை வாங்கினார். மூஸா போட்டுக் கொடுத்த ஆப்பில், எந்தப் பெட்டி எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது என்று தேதிவாரியாக இருந்தது. இன்டர்வியூ நடந்த மூன்று நாளையும் தேடினார்.

"எந்தப் பெட்டியும் அணையலை," என்றார். "மூணு நாளும் அப்போ இருந்த பெட்டியெல்லாம் உயிரோடதான் இருந்திருக்கு. சுவிட்சை யாரும் தொடலை. உங்க மகன் சொன்னது அதுலயே அடிபட்டுப் போச்சுங்க."

"அப்போ சிக்னல் எங்கே போச்சு?" என்றார் சிங்காரவேலு.

"அதைப் பாக்கத்தான் வந்திருக்கோம்."

நடுக்கட்டையும் பின்கட்டையும் இணைப்பது பத்தடி நீளமுள்ள இருட்டு நடை. அதன் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு மாடம், அந்தக் காலத்தில் விளக்கு வைக்கக் கட்டியது. இப்போது அதற்குள் வெள்ளை நிறத்தில் மூஸாவின் நான்காவது பெட்டி நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது. மாடத்தையொட்டி ஒரு பழைய மரப் பெஞ்சு.

"இதுதான் மடை," என்றார் எழில்மொழி. "மூணு பக்கமும் ரெண்டடிச் சுவர். இந்த வாய் வழியாத்தான் சிக்னல் பின்கட்டுக்குப் பாயுது. மடையை அடைச்சா, அந்தப் பக்கம் எத்தனை பெட்டி வச்சாலும் வறண்டுதான் கிடக்கும்."

அவர் ஹெல்மெட்டை அப்போதுதான் கழற்றினார். பெஞ்சின் மேல் டார்ச் அடித்தார். தூசியில் இரண்டு வட்டங்கள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

சுஹைப்புக்கு அந்த அளவு தெரியும். தெரியாத தமிழன் இல்லை. "தண்ணி கேன் மேடம். இருபது லிட்டர்."

"போய் ரெண்டு எடுத்துட்டு வாங்க."

சமையலறை மூலையில் நிரப்பிய கேன்கள் வரிசையாக நின்றன. சுஹைப் தோளுக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, பின்கட்டு வாசலில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தான். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட நீலப் புடவை, படிய வாரிய தலை. இன்டர்வியூவுக்குத் தயாராக இருந்தாள். அவன் கேன்களை எங்கே கொண்டுபோகிறான் என்று பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

கேன்களை வட்டங்களின் மேல் வைத்தான். அச்சு எடுத்தது போலப் பொருந்தின. மாடத்தின் வாய் முழுவதும் தண்ணீரால் அடைபட்டது. நீல விளக்கு மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து அழகாக எரிந்தது. சுஹைப் பின்கட்டுக்கு ஓடிப்போய் எண்ணைப் பார்த்தான். கேன் வைக்கும் முன் ஐம்பத்தெட்டு. இப்போது எண்பத்தொன்பது.

"தண்ணி வைஃபையைக் குடிக்குமா மேடம்?"

"நல்லாக் குடிக்கும். சுவத்தைவிட அதிகமா."

"நிரப்பின கேனை ஐயா தூக்க முடியாது, வயித்துல தையல். அம்மா தூக்க முடியாது, முழங்கால். வெளி ஆள் யாராவது? பழைய குத்தகைக்காரர், பங்காளி..."

எழில்மொழி அதற்குள் பெஞ்சுக்கு அடியில் குந்தி உட்கார்ந்திருந்தார். நடையின் தரை முற்றத்தைத் தொடும் இடத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. மழைத் தண்ணீர் போய் ஈரமாக இருந்தது. அதில் ஏழெட்டுப் பச்சை இலைக் கற்றைகள் நின்றன.

"புல்லு," என்றான் சுஹைப்.

"நீங்க இந்த ஊர்லயா பொறந்தீங்க?" அவர் ஒன்றை வேரோடு பிடுங்கினார். வேரில் உமி ஒட்டியிருந்தது. "நெல்லு. நிழல்ல வளர்ந்தா உயரத்தை நம்ப முடியாது. இலையை எண்ணுங்க."

"நாலு. அஞ்சாவது எட்டிப் பாக்குது."

"அப்போ வயசு இருபத்தஞ்சு நாள், ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன. முதல் இன்டர்வியூ எப்போ?"

சுஹைப் நோட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு எண்ணினான். எண்ணிவிட்டு, "இருபத்தாறு நாளைக்கு முன்னால," என்றான்.

"முளைகட்டின விதை நெல்லுதான் இப்படிச் சிந்தின இடத்துலயே பிடிக்கும். ராத்திரி பூரா ஊறவச்ச மூட்டையைத் தண்ணி வடிய இந்தப் பெஞ்சுல சாத்தி வச்சிருக்காங்க. ஈர மூட்டைன்னா அதுவும் தண்ணிதான்." அவர் எழுந்து நின்றார். "இந்த வீட்டு நிலமெல்லாம் குத்தகையில இருக்குன்னு ஐயா நேத்து போன்ல சொன்னார். சாகுபடி செய்யாத வீட்டுல விதை நெல்லை யாரு ஊறவச்சது?"

 சுஹைப் பின்கட்டு வாசல் பக்கம் திரும்பினான். நீலப் புடவை அங்கேயே நின்றது.

"உங்க புடவை அழகா இருக்கு, வானதி," என்றார் எழில்மொழி. "இஸ்திரி மடிப்பு நல்லா வந்திருக்கு."

வானதி தலையசைத்தாள்.

"கேமராவுக்கு மேல்பாதிதான் தெரியும். கீழ்ப்பாதியைக் கழுவியிருக்கலாம்."

சுஹைப் அப்போதுதான் பார்த்தான். புடவைக் கரைக்குக் கீழே, இரண்டு கணுக்காலிலும் ஒரே உயரத்தில், கொலுசு போட்டது போலக் காய்ந்த சேறு. காலையில் வயலில் இறங்கிய கால்.

வானதி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வந்து பெஞ்சில், கேன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் தடவை நான் செய்யலைங்க," என்றாள். "சத்தியமா. மூட்டையை அத்தை கண்ணுல படாம இங்கே வச்சேன். உள்ளே பொட்டி இருக்கறது எனக்கு ஞாபகமே இல்ல. இன்டர்வியூ பாதியில அறுந்துது. அப்புறம் மூட்டையை எடுத்தா உடனே சிக்னல் வருது. அப்போதான் புரிஞ்சுது."

"ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவை கேன் வச்சேன்."

"மூணாவது தடவை?"

"மாமா அதுக்குள்ள இன்னொரு பொட்டி வாங்கிட்டார். அத்தை பீரோவை நகர்த்திட்டாங்க. ஒரு கேன் போதலை. ரெண்டா வச்சேன்."

வெளியே எங்கோ ஒரு மாடு கத்தியது. பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்து மாடாக இருக்கும் என்று சுஹைப் நினைத்துக்கொண்டான்.

"போக இஷ்டமில்லைன்னா, இன்டர்வியூவில நாலு கேள்விக்குத் தப்பாப் பதில் சொல்லியிருந்தாப் போதுமேம்மா," என்றான்.

"கணக்குல தப்பாச் சொல்ல எனக்கு வராதுங்க."

அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பிறகு அவளே தொடர்ந்தாள். அவள் பிறந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா கூலிக்கு நட்டவர், பிறகு சொந்தமாக நாலு மா நிலம் வாங்கி நட்டவர். இந்த வீட்டுக்கு வந்த ஐந்து வருடமும், மாடி ஜன்னலிலிருந்து பிறர் உழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்குப் பின்னால், இரண்டு ஏக்கர் அளவுக்கு இருக்கும் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்காரர் கண்ணுசாமி வயசாகிவிட்டது என்று போன வருடம் விட்டுவிட்டார். நிலம் கோரை முளைத்துக் கிடந்தது. அவள் கண்ணுசாமியைப் பிடித்து உழச் சொன்னாள். நாற்றங்கால் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, மூங்கில் புதர் மறைத்துக்கொண்டது. இன்றைக்கு நடவு. பதினொரு பெண்கள் இறங்கியிருக்கிறார்கள்.

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார் எழில்மொழி.

"எப்படிங்க சொல்றது? அஞ்சு வருஷமா ஒரு ரூம்ல ஆறு பேரோட படுத்துக்கிட்டு, எனக்காக வீடு தேடிட்டிருக்கார். நான் வரலைன்னு சொன்னா, நீ வேண்டாம்னு சொல்ற மாதிரி அவர் காதுல விழும். வைஃபை வரலைன்னு சொன்னா யாருக்கும் வலிக்காதுன்னு நினைச்சேன்."

"வலிச்சுது. உங்க மாமனாருக்கு."

வானதி முகத்தை மூடிக்கொண்டாள். "அவர் மேல பழி விழும்னு நினைக்கவே இல்லைங்க. விழுந்தப்புறம் வாயைத் திறக்கத் தைரியம் வரலை."

எழில்மொழி மணி பார்த்தார். பத்து நாற்பத்தேழு. "எனக்குக் குடுத்த வேலை, அவர் செய்யலைன்னு நிரூபிக்கறது. அதைப் போய்ச் சொல்லப் போறேன். யார் செஞ்சதுன்னு அவர் கேப்பார். அந்தப் பதில் என்னோடது இல்ல."

சிங்காரவேலு முன்கட்டு ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். எழில்மொழி வாயைத் திறப்பதற்குள் வானதி அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"மாமா, நான்தான். தண்ணி கேனை வச்சு அடைச்சேன். எனக்கு அபுதாபி போக வேண்டாம். பின்னால ஆறு மாவுல நடறேன்."

சுஹைப் இதுபோன்ற இடங்களில் சுவரோடு சுவராக நிற்பான். பெரியவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். குறைந்தபட்சம் எழுந்து நிற்பாராவது என்று எதிர்பார்த்தான்.

"நீ நடறது தெரியும்," என்றார் சிங்காரவேலு.

வானதி நிமிர்ந்தாள்.

"என் வயல்ல பச்சை தெரிஞ்சா எனக்குத் தெரியாதா? நாத்தங்காலுக்குத் தினம் காலையில தண்ணி ஏறிக் கிடந்துதே, தானாவா ஏறிச்சு? தூக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னார். மடையைக் காலால தள்ளக் கூடாதுன்னு சொல்லலை. போறவரைக்கும் நீ பொழுது போக்கா ஏதோ செய்யறேன்னு நினைச்சேம்மா. உனக்குப் போகணும்னு ஆசை, சிக்னல் இல்லாமத் தவிக்கிறேன்னு நினைச்சேன். நம்ம வீட்டால உனக்குத் தடை வந்ததா இருக்க வேண்டாம்னுதான் பொட்டி பொட்டியா வாங்கினேன்." அவர் பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "ஒவ்வொரு பொட்டியும் வாங்கறப்போ வயித்தெரிச்சல்தான்."

சமையலறை வாசலில் சாவித்திரி நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் அவர் சொன்னது, "அப்போ என் பீரோவை யாரு உள்ளே கொண்டுவர்றது?" என்பதுதான்.

"நாளைக்கு ஆளோட வர்றேம்மா," என்றான் சுஹைப்.

பதினொரு மணிக்கு வானதி பின்கட்டு மாடியில் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். சுஹைப் நடையிலிருந்து கேன்களைத் தூக்கிவிட்டு வந்து கதவுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைனஸ் ஐம்பத்தேழு. உள்ளே வானதி ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். மூன்று முறை காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள், வேலை வேண்டாம் என்றாள், நன்றி சொன்னாள். மொத்தம் நான்கு நிமிடம். ஒரு சொல்கூட அறுபடவில்லை.

அடுத்து அவள் செல்போனில் அரவிந்தனைக் கூப்பிட்டாள். அதுவரை கதவருகே நின்ற சிங்காரவேலு மெதுவாகப் படியிறங்கப் பார்த்தார்.

"போகாதீங்க மாமா. இருங்க."

அரவிந்தன் முதல் மணியிலேயே எடுத்தான். ஷேவ் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான், அவனுக்கே இன்டர்வியூ என்பது போல. வானதி எதையும் சுற்றி வளைக்கவில்லை. மூட்டையிலிருந்து தொடங்கி, கேன், நாற்று, அப்பா மேல் விழுந்த பழி வரை சொல்லி, "உங்களை வேண்டாம்னு சொல்லலை. இதை விட்டுட்டு வர முடியலை," என்று முடித்தாள்.

திரையில் அரவிந்தன் அசையவில்லை. கண் கூட அசையவில்லை. படம் உறைந்துவிட்டது என்று சுஹைப் பதறிப்போய்த் தன் போனைப் பார்த்தான். ஐம்பத்தாறு. சிக்னல் முழுசாக இருந்தது. அந்த ஆள்தான் அப்படி உட்கார்ந்திருந்தான்.

ஒருவழியாக, "நாலு தடவையும் லீவு போட்டேன்," என்றான் அரவிந்தன்.

"தெரியும்."

"வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். பால்கனியெல்லாம் இருக்கு."

"அதுவும் தெரியும்."

 அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்பாகிட்ட குடு."

சிங்காரவேலு போனை இரண்டு கையாலும் வாங்கினார். தூரமாகப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். பத்து நாள் பேசாதவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குதுப்பா." அரவிந்தன் மூக்கை உறிஞ்சினான். "நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"விடு. எனக்கும் ரோஷம் ஜாஸ்தி."

"அந்த ஆறு மாவை எனக்குக் காட்டுங்க."

எல்லோருமாகக் கிளம்பினார்கள். வானதி போனைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பின்கட்டு, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை. கொட்டகையில் பீரோவைப் பார்த்து அரவிந்தன் ஏதோ கேட்டான். பதில் வருவதற்குள் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. மூங்கில் புதர் இன்னும் முப்பதடி இருந்தது. வானதி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"எத்தனை பொட்டி வாங்கியும் கொல்லைக்கு ஒண்ணு வைக்கலையே," என்றார் சிங்காரவேலு. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சுஹைப் அதற்குள் வீட்டுக்கு ஓடியிருந்தான். பதினெட்டு வருடம் இந்த வேலைதான் செய்தான். மாடியிலிருந்த ஆறாவது பெட்டியைப் பிடுங்கினான், ஒயரைத் தோளில் சுற்றினான், மூங்கில் புதருக்குப் பக்கத்து மோட்டார் கொட்டகை சுவிட்ச் போர்டில் சொருகி, ஜன்னல் கம்பியில் பெட்டியைத் துண்டால் கட்டினான். நீல விளக்கு வரச் சரியாக இரண்டு நிமிடம் எடுத்தது.  எழில்மொழி வரப்பின் மேல் நின்று, பழக்க தோஷத்தில், வரப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் திரும்பி வந்தது.

வயலில் பாதி நட்டாகிவிட்டது. பதினொரு பெண்கள் குனிந்தபடி பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் வானமும் நாற்றும் சேர்ந்து தெரிந்தன. வானதி போனைத் திருப்பி, மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை காட்டினாள். அரவிந்தன் வெகுநேரம் பார்த்தான்.

"வலது பக்கம் வரிசை கோணலா இருக்கே," என்றான்.

"அதுதான் நான் காலையில நட்டது."

"தெரியுது."

"அப்போ வந்து நேராக்குங்க."

"தை அறுப்புக்கு லீவு கேட்டுப் பாக்கறேன்," என்றான் அரவிந்தன். "அப்போ உக்காந்து பேசுவோம். நீ என்னை விட்டுக் கொடுக்கலைன்னு எனக்கு இன்னும் முழுசா மனசுல ஏறலை, வானதி. ஏறும்."

"சரி," என்றாள் அவள். 

நடவுப் பெண்களில் மூத்தவளான செந்தாமரை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "வானதி! யாரு போன்ல?"

"எங்க வீட்டுக்காரர்க்கா!"

"ஆள் பத்தலை, அவரையும் இறங்கச் சொல்லு. இல்லைன்னா போனை வச்சுட்டு நீ இறங்கு."

வானதி போனை மாமனார் கையில் கொடுத்தாள். இஸ்திரி போட்ட நீலப் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினாள்.